கல்லும் தெருவும்: கொழும்பு ஆடிவேல் விழா பற்றிய ஒரு மதிப்பீடு

கொழும்பு மாநகரின் சைவக் கோயில்களைப் பற்றிப் பேச முற்படுவோர் பெரும்பாலும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலிலிருந்தே தொடங்குவர். அது இயல்பே. பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைத்த அக்கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரையான காலத்திற் கருங்கல்லாற் புதுக்கிக் கட்டுவித்தார். வண்ணப் பூச்சு எதுவுமின்றி நிற்கும் தூண்களும், நண்பகலிலும் விளக்கொளியை வேண்டி நிற்கும் உள்மண்டபமும், வெளியேயுள்ள துறைமுக வீதியின் இரைச்சலைச் சட்டென மறக்கச் செய்யும் குளிர்ச்சியும் அக்கோயிலுக்குரிய சிறப்புக்கள். விசயநகரக் கலைமரபு ஈழத்திற் பெற்ற பிற்கால வெளிப்பாடுகளுள் அது தலையாயது என்பதில் ஐயமில்லை.

ஆயின் அதே நகரிற் கல்லிலே நிலைபெறாத இன்னொரு வழிபாட்டு மரபும் உண்டு. ஆண்டிற் சில நாட்களே அது கண்ணுக்குப் புலனாகும். ஆடி மாதத்திற் செட்டியார் தெருவையும் புறக்கோட்டையையும் சார்ந்த கதிர்வேலாயுத சுவாமி கோயில்களிலிருந்து வேல் தேரேறிப் புறப்படுகின்றது. காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்று, பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் உள்ள கோயில்களிலே தங்கிப் பின் மீண்டு வருகின்றது. ஆடிவேல் என்று தமிழரும், வேல் என்று மட்டும் சிங்களவரும் வழங்கும் இவ்விழாவைக் கொழும்பில் அறியாதார் இலர். எனினும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் தூண்களைப் பற்றி எழுதிய அளவுக்கு ஆடிவேலைப் பற்றி எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. விழாவை வாழ்த்துவோர் உளர், வருணிப்போர் உளர், மதிப்பிடுவோர் அரியர். ஒரு விழாவை எவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்ற வினா தெளிவுபடாமையே இதற்குக் காரணமாகும். அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிலி என்ற கருத்து

ஆடிவேலின் தோற்றம் பற்றி வழங்கிவரும் செய்தி பலரும் அறிந்ததே. கதிர்காமத்து ஆடி விழா பௌர்ணமியை ஒட்டிய தீர்த்தத்துடன் நிறைவுறுவது. 19ஆம் நூற்றாண்டிற் கால்நடையாக அங்கே சென்ற அடியார் கூட்டத்தோடு வாந்திபேதி நோயும் உடன் சென்றது. குடியேற்ற அரசு அதனைக் காரணமாகக் காட்டி யாத்திரையைக் கட்டுப்படுத்திற்று. கதிர்காமம் செல்ல இயலாத வணிகப் பெருமக்கள் கொழும்பிலேயே அவ்விழாவை எடுக்கலாயினர். 1874 என்பது இதற்கு வழக்கமாகச் சுட்டப்படும் ஆண்டாகும்.

இச்செய்தியிலிருந்தே ஆடிவேல் கதிர்காம விழாவின் பதிலி என்ற கருத்து உருவாயிற்று. மூலத்துக்குச் செல்ல முடியாதபோது கைக்கொண்ட மாற்று ஏற்பாடு என்பதே அதன் பொருள். இக்கருத்து விழாவின் தொடக்கத்தை விளக்கலாம், தொடர்ச்சியை விளக்காது. கட்டுப்பாடுகள் தளர்ந்து, வீதியும் புகைவண்டியும் வந்து, கதிர்காமப் பயணம் எளிதாகிவிட்ட பின்னரும் ஆடிவேல் நின்றுவிடவில்லை. தடை நீங்கிய பின்னும் தொடரும் ஒன்றைத் தடையின் விளைவு என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது.

விழா சென்ற வழியை நோக்கினால் உண்மை மேலும் தெளிவாகும். விழா தொடங்கிய காலத்திலே பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் நகரின் புறத்தே கிடந்த கடற்கரைத் தோட்டங்கள். வெள்ளவத்தை என்ற பெயரே மணற்றோட்டம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் திரிபாகும். கடைத்தெருவின் கணக்குப் புத்தகங்களை விட்டுத் தெய்வம் நகருக்கு வெளியே சென்று, தோப்பு நிழலிலே தங்கி, மீண்டும் கடைத்தெருவுக்கு வந்தது. ஏழெட்டுக் கிலோமீற்றருக்குள் அடக்கப்பட்ட யாத்திரை அது. பின்னர் நகரம் தெற்கே வளர்ந்தது. நெசவாலையும் பள்ளிக்கூடங்களும் வாடகை வீடுகளும் எழுந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் பார்க்க வந்தோர் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிற் குடியேறினர். தோட்டமாயிருந்த இடம் தமிழர் செறிந்து வாழும் ஊராயிற்று. முன்னர் மக்களை விட்டுத் தோப்பை நாடிச் சென்ற வேல், இப்பொழுது கடைகளை விட்டு மக்களின் வீடுகளை நாடிச் செல்லலாயிற்று. வழி மாறவில்லை, வழியின் பொருள் தலைகீழாய் மாறிற்று. கதிர்காமத்தைப் பார்த்து எழுதிய படியாக மட்டும் இவ்விழாவைக் கொள்வோருக்கு இம்மாற்றம் புலப்படுவதில்லை.

மூன்று அளவுகோல்கள்

கோயில்களையும் விழாக்களையும் மதிப்பிடுவதற்கு ஈழத்துத் தமிழர் மத்தியில் மூன்று அளவுகோல்கள் வழங்கிவந்துள்ளன. அவை ஒவ்வொன்றையும் ஆடிவேலோடு பொருத்திப் பார்த்தல் தகும்.

முதலாவது ஆகம அளவுகோல். இதனை வன்மையோடு கையாண்டவர் ஆறுமுக நாவலர். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகம விதிப்படி அமையாமையையும், அங்கே வேலே மூலமாக வழிபடப்படுவதையும் அவர் கண்டித்தமை வரலாறு. கோயில் நடைமுறையை விமரிசிக்கும் துணிவைத் தமிழ் உரைநடைக்கு வழங்கிய பெருமை நாவலருக்கு உண்டு. பக்தியும் விமரிசனமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவரிடமே கற்க வேண்டும். ஆயினும் அவர் 1879இல் மறைந்த பின்னர் நல்லூரில் நிகழ்ந்ததை நோக்குக. வேல் வேலாகவே நிற்கின்றது. ஈழத்துச் சைவர்களின் முதன்மையான திருவிழாக்களுள் ஒன்று அதனைச் சுற்றியே நடைபெறுகின்றது. கதிர்காமத்திலோ கருவறையை மறைப்பது ஓவியத் திரை. யானைமீது வருவது மூடிய பேழை. காணத்தக்க திருவுருவம் என்று ஒன்றில்லை. பொன்னம்பல முதலியாரின் மற்றொரு மைந்தரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் கதிர்காம வழிபாட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். கருங்கற் கோயிலை எழுப்பிய குடும்பத்திலேயே, கல்லுக்கு அடங்காத வழிபாட்டின் ஆற்றலை உணர்ந்தவரும் இருந்தார் என்பது கருதத்தக்கது. ஆகமம் கோயிலின் உட்புறத்தை அளக்க வல்லது. தெருவில் நிகழ்வதைப் பிழையென்று தள்ளவோ பொறுத்துக்கொள்ளவோ அதனால் இயலும். விளங்கிக்கொள்வதற்கு அது போதாது.

இரண்டாவது சிற்ப அளவுகோல். கொழும்பிற் பிறந்து உலகப் புகழ் எய்திய ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துக்களால் வலுப்பெற்றது இது. கீழைத்தேயக் கலைப் பொருளை வெறும் பழம்பொருளாகக் கருதாது, அது பிறந்த வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. அவர் வழிவந்தோராகத் தம்மைக் கருதிக்கொண்டவர்களோ வாழ்க்கையை விட்டுவிட்டுச் சிற்பத்தை மட்டும் பற்றிக்கொண்டனர். தூணின் பொதிகை எக்காலத்தது, யாளி எம்மரபினது என்ற வினாக்களோடு அவர்களது ஆர்வம் முடிந்துவிடுகின்றது. அவர்கள் நோக்கில் ஆடிவேற் பவனியில் எஞ்சுவது தேரின் வெள்ளி வேலைப்பாடு ஒன்றே. தேர் ஓடாது நிற்கும்போது அதைப் பார்ப்பது எளிது. ஆனால் அப்பொழுது அது தேரன்று.

கல்லே நிலைபேற்றுக்கு ஒரே வழி என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. யப்பானின் சிந்தோ சமயத்தவர் தலையாயதாகப் போற்றும் இசேக் கோயில் மரத்தாலானது. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை, அருகிலுள்ள வெற்று நிலத்திலே அதே அளவுகளிற் புதிய கோயில் எழுப்பப்பட்டுப் பழையது பிரிக்கப்படும். 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இவ்வழக்கம், உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கு மேல் நின்று, பின்னர் மீண்டது. 62ஆவது புதுக்கம் 2013இல் நிறைவேறிற்று. அங்கே காக்கப்படுவது மரமன்று. மரத்தைச் செதுக்கும் கையறிவு. ஒரு தலைமுறையின் தச்சர் அடுத்த தலைமுறையின் தச்சருக்குக் கோயிலை அன்று, கோயில் கட்டும் தொழிலைக் கையளிக்கின்றனர். கல்லால் நிலைபெறுவது ஒரு வகை. செயலால் நிலைபெறுவது இன்னொரு வகை. ஆடிவேல் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதனை முதல் வகைக்குரிய அளவுகோலால் அளப்பது முறையன்று.

மூன்றாவது சமூக ஒருமைப்பாட்டு அளவுகோல். இன்று மேடைகளில் மிகுதியும் ஒலிப்பது இதுவே. தமிழர் எடுக்கும் விழாவுக்குச் சிங்கள மக்களும் திரண்டு வருகின்றனர். கரும்பும் இனிப்பும் விளையாட்டுப் பொருள்களும் வாங்கிச் செல்கின்றனர். ஆகவே ஆடிவேல் இன ஒற்றுமையின் சின்னம் என்பது இதன் சாரம். யாத்திரையின்போது மனிதர் தம் சமூகப் படிநிலைகளைக் கழற்றிவைத்து ஒரு தற்காலிகச் சமத்துவத்தை எய்துகின்றனர் என்று மானிடவியலாளர் விக்டர் ரேணர் முன்வைத்த கருத்து இதற்குக் கல்விசார் ஆதரவாகவும் பயன்படுத்தப்படுவதுண்டு.

இவ்வளவுகோலின்மீதே கடுமையான ஐயம் எழுப்பப்பட வேண்டும். ஏனெனில் கொழும்பின் வரலாறு அதற்கு மாறான சான்றுகளைத் தருகின்றது. 1883 மார்ச் 25ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராம விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் சென்ற் லூசியா தேவாலயத்துக்கு அண்மையிற் கத்தோலிக்கரோடு மோத நேர்ந்தது. ஊர்வலம் மக்களைச் சேர்க்கும் என்பது போலவே பிரிக்கவும் செய்யும். எந்தத் தெரு யாருடையது என்ற வினாவை அது வெளிப்படையாக எழுப்பிவிடுகின்றது. சரியாக நூறாண்டு கழித்து நிகழ்ந்தது இன்னும் கொடிது. 1983இன் ஆடிப் பௌர்ணமி யூலை 24, 25ஆந் திகதிகளை ஒட்டி வந்தது. அந்நாட்களிலேயே கொழும்பிற் தமிழருக்கெதிரான வன்செயல் வெடித்தது. வேல் செல்லும் காலி வீதியிலே தமிழர் கடைகள் எரிந்தன. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலிருந்தும் கொட்டாஞ்சேனையின் குடியிருப்புக்களிலிருந்தும் மக்கள் அகதி முகாம்களுக்கு ஓடினர். நூறாண்டுக்கு மேலாக இரு இனத்தவரும் கூடிக் கரும்பு வாங்கிய தெரு அது. அக்கூட்டுறவு எரியூட்டலைத் தடுக்கவில்லை.

இதனாற் கூட்டுறவு பொய்யென்று கூறுதல் பொருந்தாது. அயலவரை மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் அதே தெருக்களில் இருந்தன. ஆனால் விழாவிற் கூடி நிற்றலை ஒற்றுமையின் நிரூபணமாகக் கொள்வது வரலாற்றை மறைப்பதாகும். ஆடிவேலுக்கு அது தாங்க முடியாத சுமையை ஏற்றுகின்றது. தாங்காதபோது விழாவையே வீணென்று எண்ணவும் இடமளிக்கின்றது. 1983க்குப் பிந்திய ஆண்டுகளிலே விழா முன்னைய அளவில் நடைபெறாது குன்றியபோது, அதை மீட்பதைப் பற்றிப் பேசியவர்களிடமும் இக்குழப்பம் காணப்பட்டது. விழாவை மீட்டால் நல்லுறவு மீளும் என்றனர் ஒரு சாரார். நல்லுறவு இல்லாத இடத்தில் விழா எதற்கு என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே அளவுகோலையே கையிற் கொண்டிருந்தனர்.

கியோன் விழா தரும் ஒளி

இவ்விடத்தில் யப்பானின் கியோட்டோ நகரிலுள்ள யசாக்காக் கோயிலையும், யூலை மாதம் முழுவதும் அங்கே நடைபெறும் கியோன் விழாவையும் ஒப்புநோக்குதல் பயனுடையது. அவ்வொப்பீடு வலிந்து கொள்ளப்படுவதன்று. இரு விழாக்களுக்கும் உள்ள அமைப்பொற்றுமை வியக்கத்தக்கது.

கியோன் விழாவின் தோற்றமும் கொள்ளைநோயே. கி.பி. 869இற் பரவிய நோயைத் தணிக்கும் பொருட்டு, நாட்டின் அன்றைய 66 மாகாணங்களைக் குறிக்கும் 66 ஈட்டிகளை நிறுத்திச் சடங்கியற்றினர். நோய், ஈட்டி, ஆடி மாதத்தை ஒட்டிய காலம் ஆகிய மூன்றும் கொழும்பு வாசகருக்குப் பழக்கமானவையே. யூலை 17ஆந் திகதி மாலை மூன்று பல்லக்குகளில் தெய்வங்கள் கோயிலை விட்டு எழுந்தருளி, நகரின் நடுவேயுள்ள தங்குமிடத்தை அடைகின்றன. அங்கு ஒரு வாரம் தங்கி, 24ஆந் திகதி மீள்கின்றன. பல்லக்கினுள்ளே இருப்பதை எவரும் காண்பதில்லை. பல்லக்குகள் வருமுன் தெருவைத் தூய்மைப்படுத்துவதற்காகவே உயரமான தேர்கள் ஓடுகின்றன. அவற்றுட் பெரியன 25 மீற்றர் உயரமும் 12 தொன் அளவு எடையும் உடையன. கோயிலின் பெயர் வரலாறும் ஈழத்தவரின் கவனத்துக்குரியது. கியோன் என்பது புத்தர் வாழ்ந்த சேதவனத்தின் யப்பானியப் பெயர். அங்கு வழிபடப்பட்டது சேதவனத்தின் காவற்றெய்வம் எனக் கொள்ளப்பட்ட கோசு தென்னோ. 1868இற் சிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க அரசு ஆணையிட்டபோதே அக்கோயில் யசாக்கா எனப் பெயர் மாற்றப்பட்டுத் தூய சிந்தோக் கோயிலாக அறிவிக்கப்பட்டது. சைவரும் பௌத்தரும் தத்தம் உரிமை பேசும் கதிர்காமத்தை அறிந்தவர்க்கு இவ்வரலாறு புதுமையாய்த் தோன்றாது.

அவ்விழாவும் போரினால் நின்றது. 1467இல் மூண்ட ஓனின் போரிற் கியோட்டோ நகரம் எரிந்தது. 33 ஆண்டுகள் தேர் ஓடவில்லை. 1500இல் அது மீண்டபோது மீட்டவர்கள் நகரத்துத் தெருக்களின் மக்கள். பின்னர் 1533இற் கோயிற் சடங்குகளை அதிகாரிகள் நிறுத்திவைத்தனர். அப்பொழுது சடங்கு நடைபெறாவிடினும் தேரோட்டத்தை நடத்த விரும்புவதாக நகர மக்கள் முறையிட்டனர் என்பது அவ்விழாவின் வரலாற்றில் மிகவும் பேசப்படும் நிகழ்ச்சியாகும். இதனைச் சமய உணர்வின் குறைவாகக் கொள்வது பிழை. தேர் தங்களுடையது என்று தெரு கருதிய நிலை அது.

உண்மையிலேயே தேர் தெருவினுடையதாக இருந்தது. கியோன் விழாவின் தேர் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தெருக்குடியிருப்பு வைத்துக் காக்கின்றது. அத்தெரு வணிகரே அதற்குப் பொருள் தந்தனர். திரைச்சீலைகளைத் தேடி வாங்கினர். ஆணி அடியாமற் கயிற்றால் மட்டும் தேரைக் கட்டும் முறையைத் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். 1864இல் மூண்ட தீயில் எரிந்துபோன பெரிய கப்பற்றேர் 150 ஆண்டுகள் கழித்து 2014இல் மீண்டும் பவனியிற் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்திலே தேர் இல்லாத அத்தெரு மக்கள் எஞ்சிய திருவுருவையும் அணிகளையும் போற்றி வைத்திருந்தனர். கொள்ளைநோயை நீக்கப் பிறந்த அவ்விழாவின் பவனி 2020இலும் 2021இலும் புதியதொரு கொள்ளைநோயால் நின்று, 2022இல் மறுபடியும் தொடங்கிற்று.

இவ்வொப்பீட்டைக் கொண்டு கியோட்டோவைப் புகழ்ந்து கொழும்பை இகழ்தல் நோக்கமன்று. கியோட்டோவிலும் பழைய தெருக்களிலே குடியிருப்போர் குறைந்துவிட்டனர். பல தேர்களை இழுப்பதற்கு வெளியிலிருந்து ஆட்கள் வரவேண்டியுள்ளது. பயணிகளுக்குக் கட்டண இருக்கைகள் போடப்படுகின்றன. காட்சிப்பொருளாகும் அபாயம் அங்கும் உண்டு. ஆயினும் ஒரு விழாவை அளப்பதற்குரிய நான்காவது அளவுகோல் ஒன்றை அது தெளிவாகக் காட்டுகின்றது. தெய்வம் செல்லும் வழியில் வாழ்வோருக்கு அவ்விழாவிற் செய்வதற்கு என்ன உண்டு என்பதே அது.

தேருக்கு உரியவர் யார்?

இவ்வளவுகோலை ஆடிவேலோடு பொருத்தினால் அதன் பலமும் பலவீனமும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

ஆடிவேலை முன்னின்று வளர்த்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பினாங்கு, சிங்கப்பூர், இரங்கூன் எனத் தாம் வணிகம் செய்த நகரங்கள்தோறும் அவர்கள் வேலையும் உடன்கொண்டு சென்றனர். கோயிற் பொதுச் சொத்தையும் வணிக ஒழுக்கத்தையும் ஒன்றாகப் பேணிய அவர்களது ஒழுங்கு இல்லையாயின் விழா நூறாண்டு கடந்து நின்றிராது. இது மறுக்க முடியாத கடன். எனினும் விழாவின் முழுப் பொறுப்பும் ஒரு வணிகச் சமூகத்தின் கையிலே தங்கியதால், அச்சமூகத்தின் பொருளாதார நிலையோடு விழாவின் நிலையும் பிணைந்துவிட்டது. இலங்கையின் கடன் சந்தையில் நகரத்தார் பெற்றிருந்த இடம் 1920களின் நடுப்பகுதியிலிருந்து தளரத் தொடங்கிற்று. 1939இல் இலங்கை வங்கி நிறுவப்பட்டது. சுதந்திரத்தின் பின்னர் 1948இலும் 1949இலும் நிறைவேறிய குடியுரிமைச் சட்டங்களும் குடிவரவுக் கட்டுப்பாடுகளும் இந்திய வணிகரின் இருப்பையே ஐயத்துக்குள்ளாக்கின. நகரத்தாருட் பலர் தாயகம் திரும்பினர். தேர் கொழும்பில் நின்றது. தேருக்குரியோர் கடல் கடந்தனர்.

எஞ்சிய தமிழருக்கும் தேருக்கும் இடையே இருந்த உறவு யாது? வெள்ளவத்தையில் வாழ்ந்த யாழ்ப்பாணத்து உத்தியோகத்தருக்கு ஆடிவேல் பெரும்பாலும் பார்க்கும் விழாவாகவே இருந்தது. அவர்களுடைய சொந்தத் திருவிழா ஊரில், நல்லூரிலோ மாவிட்டபுரத்திலோ, நடைபெறுவது. விடுமுறை எடுத்து அங்கே சென்றுவிடுவர். கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் வாழ்ந்த உழைக்கும் மக்கள் தேரோடு நடந்தனர், கடை வைத்தனர், காவடி எடுத்தனர். விழாவின் உடல் அவர்களே. ஆனால் விழாவைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. ஒரே நகரில் வாழ்ந்த தமிழர் மூன்று பிரிவினராய், ஒரே தேரை மூன்று தூரங்களிலிருந்து நோக்கினர். ஆடிவேலின் உண்மையான பலவீனம் இதுவே. பிற இனத்தாரோடு ஒற்றுமையைக் காட்ட எடுக்கப்படும் விழாவென்று புகழப்பட்ட ஒன்று, எடுத்தோரிடையே நிலவிய வர்க்க, பிரதேச இடைவெளிகளைத் தானே கடந்திருக்கவில்லை.

பினாங்கின் தைப்பூசம் இதற்கு மாறானதொரு பாதையிற் சென்றது. அங்கும் வெள்ளித் தேர் நகரத்தாருடையது. ஆனால் காவடியும் நேர்த்தியும் பாற்குடமும் வழியெங்கும் தேங்காய் உடைத்தலும் தோட்டத் தொழிலாளர் முதல் நகரத்து வணிகர் வரை எல்லோருக்கும் உரியனவாயின; சீனரும் அதிற் பங்கேற்றனர். தேரின் உரிமை பற்றிய வினா அங்கு வெளிப்படையாகவே எழுந்தது. 2017 முதல் இந்து அறநிலைய வாரியத்தின் தங்கத் தேர் ஒன்றும் தனியே ஓடுகின்றது. இரு தேர்களால் விளையும் பிணக்கை நல்லதென்று கூற முடியாது. ஆயினும் உரிமைக்காகப் பிணங்கும் அளவுக்கு மக்கள் தேரைத் தமதாகக் கருதுகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. எவரும் உரிமை கோராத விழாவே உண்மையில் ஆபத்திலுள்ள விழா.

கொழும்பிலேயே இன்னொரு சான்று உண்டு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் தேவாலயத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் செல்வது நெடுநாள் வழக்கம். அங்கே செல்பவர் பார்வையாளராகச் செல்வதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு மெழுகுதிரி, ஒரு நேர்த்தி, நிறைவேற்ற வேண்டிய ஒரு கடன் இருக்கும். 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுத் தாக்குதலில் அத்தேவாலயத்திற் பலர் மாண்டனர். யூன் 13ஆந் திகதிய ஆண்டு விழாவுக்கு முதல்நாள் அது மீளத் திறக்கப்பட்டது. கட்டடத்தைத் திருத்தியோர் கடற்படையினர். ஆனால் அச்சம் தணியாத அந்நாட்களிலும் மக்களை அங்கே திரும்ப அழைத்தது கட்டடமன்று, தீர்க்கப்படாதிருந்த நேர்த்திக்கடன்.

அருச்சனைத் தட்டு

ஆடிவேலிலும் இத்தகைய பிடிப்புக்குரிய கூறு இல்லாமலில்லை. அது தேரின் வெள்ளியிலோ மேடைப் பேச்சிலோ இல்லை. தேர் தரிக்கும் இடங்களில் உள்ளது. காலி வீதியின் ஒழுங்கை முனைகளில் நிறைகுடம் வைத்து, தேங்காயும் பழமும் வெற்றிலையும் கர்ப்பூரமும் கொண்ட தட்டோடு குடும்பத்தார் காத்து நிற்பர். தேர் சற்றே நிற்கும். தட்டு மேலே செல்லும். பெயரும் நட்சத்திரமும் சொல்லப்படும். உடைத்த தேங்காயின் பாதியோடு தட்டு கீழே வரும். முழுவதும் சில நொடிகள். அந்நொடிகளில் அவ்வீட்டார் பார்வையாளர் அல்லர். தம் வாயிலுக்கு வந்த தெய்வத்தை எதிர்கொள்ளும் குடிமக்கள். வாடகை வீட்டில் வாழ்பவரும், ஊரை இழந்து வந்தவரும், நாளை எங்கிருப்போம் என்று அறியாதவரும் அவ்விடத்திலே தமது பெயரை உரக்கச் சொல்லக் கேட்கின்றனர். தமிழ்ப் பெயரை உரக்கச் சொல்ல அஞ்சிய ஆண்டுகள் பலவற்றைக் கடந்த நகரில் இது சிறிய செயலன்று.

1983க்குப் பின்னரும், 1990களின் இடப்பெயர்வுகளின் பின்னரும் வடக்கிலிருந்து வந்தோர் வெள்ளவத்தையை நிறைத்தனர். இவர்களுக்குத் திரும்பிச் செல்லும் ஊர்த் திருவிழா நெடுங்காலம் எட்டாதிருந்தது. கொழும்பைத் தற்காலிகத் தங்கலாகவே கருதி வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு, தங்குவதற்காகவே வெள்ளவத்தைக்கு வரும் தெய்வம் பொருத்தமான தெய்வமே. ஆடிவேல் அவர்களுடையதாகும் வாய்ப்பு அங்கே பிறந்தது. இன்றும் அவ்வாய்ப்பு முற்றாகக் கைநழுவிவிடவில்லை. ஆனால் போக்குவரத்து நெரிசலையும் பாதுகாப்பையும் காட்டித் தேர் விரைந்து ஓட்டப்படும்போதும், தரிக்கும் இடங்கள் குறைக்கப்படும்போதும், ஒலிபெருக்கியும் மின்விளக்கும் பிரமுகர் வரவேற்பும் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதும், விழாவின் உயிர்நிலையே அறுக்கப்படுகின்றது. தேர் எத்தனை மணிக்கு வெள்ளவத்தையை அடைந்தது என்பது காவற்றுறையினரின் கணக்கு. வழியில் எத்தனை வாயில்களில் நின்றது என்பதே விழாவின் கணக்கு.

ஆகவே ஆடிவேலைப் போற்ற விரும்புவோர் செய்யத்தக்கது தேரை மேலும் அலங்கரித்தல் அன்று. தேர் நிற்கும் இடங்களைக் கூட்டுதலும், ஒவ்வொரு தரிப்பையும் அவ்வொழுங்கை மக்களின் பொறுப்பாக்குதலும், கொட்டாஞ்சேனையில் நடந்து வருபவருக்கும் வெள்ளவத்தையில் நின்று பார்ப்பவருக்கும் விழாவின் நிருவாகத்தில் இடமளித்தலும் வேண்டும். இவற்றாற் கோயிலின் உரிமை குறைவுபடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கியோட்டோவிற் கோயில் கோயிலாகவே உள்ளது. தெருக்களே அதனைத் தாங்கி நிற்கின்றன.

பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் நூறாண்டைக் கடந்துவிட்டது; இன்னும் பல நூறாண்டு நிற்கும். அதன் பொருட்டு எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆடிவேல் அத்தகையதன்று. ஒவ்வோர் ஆண்டும் யாராவது தட்டைக் கையிலேந்தி ஒழுங்கை முனைக்கு வந்தாலன்றி அது அவ்வாண்டில் இல்லை. அந்தக் கைகள் எவருடையவை, அவற்றுக்கு இடம் விடப்பட்டுள்ளதா என்று கேட்பதே ஆடிவேலைப் பற்றிய விமரிசனத்தின் முதற் கடமையாகும்.